லாரியில் போன ஓ.டி.பி.

நேற்று மதியம் அறக்கட்டளை ஆபீஸ் வாட்ச்மேன் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் கடையில் இறக்கிவிட்டுப் போனார். உன் நூலகத்தின் பழைய கம்ப்யூட்டர் சாமான்கள். காயலான் கடைக்குப் போடும் முன் எனக்கு ஏதாவது உதவுமா என்று பார்க்கச் சொன்னார்களாம். மேலே கிடந்த கீபோர்டை எடுத்துத் தூசி தட்டினேன். என்டர் பட்டனின் நடுவில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு, ஓரம் தேய்ந்து, இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

உன் நெற்றியிலிருந்து நீ பிய்த்து ஒட்டிய பொட்டு. வருகிறவர்களுக்கெல்லாம் எது என்டர் என்று விரல் வைத்துக் காட்டிக் காட்டி உனக்கு அலுத்துப் போயிருந்தது. சட்டென்று பொட்டை எடுத்து அங்கே ஒட்டி, "பொட்டு வெச்சதை அமுக்குங்க சாமி, அம்புட்டுத்தான்" என்றாய். போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பையன்கள்கூட அதற்குப் பிறகு அதைப் பொட்டு பட்டன் என்றுதான் சொன்னார்கள்.

அதைப் பார்த்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. நீ போன பிறகு உன் நூலகத்துக்கு என்ன செய்தார்கள் என்று உனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும். நான் கத்தினால் திருப்பிக் கத்துகிற ஆள் எனக்கு நீ ஒருத்திதான் இருந்தாய். அதனால் உட்கார்ந்து கேள்.

சேலத்தில் நாம் ஒன்றாகக் கல்லூரி முடித்த கையோடு நான் அம்மாபேட்டையில் ஒரு மாடி அறையைப் பிடித்து, வெப்சைட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்தேன். நீ சங்ககிரியில் லாரி முதலாளிகள் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை நூலகத்துக்கு நூலகராகப் போனாய். எனக்கு ஆத்தூர் ஜவ்வரிசி வியாபாரி, நாமக்கல் கோழிப்பண்ணை, லாரி புக்கிங் ஆபீஸ் என்று ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் முதலாளி படம் பெரிதாக வேண்டும், எழுத்து ஓட வேண்டும், பூ உதிர வேண்டும். நானும் உதிர்த்துக்கொண்டிருந்தேன். நூலகத்தில் இருக்கும் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் தேடும்படி செய்து தரவேண்டும் என்று நீ கூப்பிட்டபோது அதே கையோடுதான் வந்தேன்.

நான் செய்து காட்டிய பக்கத்தில் மேலே மாலை போட்ட நிறுவனர் படம். அவருக்குக் கீழே தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கைகூப்பிக்கொண்டு. தேடும் பெட்டி வலது மூலையில் தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. நீ சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாய்.

"ஏம்புள்ள, புஸ்தகம் தேடி வாரவளுக்கு மாலை போட்ட தாத்தா எதுக்கு? அவ என்ன எழவூட்டுக்கா வந்திருக்கறா?"

"அறக்கட்டளையில கேட்டாங்கடி."

"காசு குடுக்கறவங்க கேட்டாங்க. தேடப்போறவங்களை ஆராச்சும் கேட்டீங்களா?"

அன்றைக்கே ஒரு பரீட்சை வைத்தாய். மகுடஞ்சாவடிப் பக்கத்திலிருந்து வெள்ளாடு வளர்க்கிறவர் ஒருவர் வந்திருந்தார். அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, ஆட்டு நோய் பற்றிய புத்தகத்தைத் தேடச் சொன்னாய். என்னை அவர் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினாய். "வாயைத் தொறந்தீன்னா கொன்னுபோடுவேன்" என்று காதில் சொன்னாய்.

அந்த மனிதர் மவுஸை நிறுவனர் படத்தின்மேல் கொண்டுபோய் அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மாலையை அமுக்கினார். தலைவரை அமுக்கினார். ஓடுகிற எழுத்தைத் துரத்திப் பிடிக்கப் பார்த்தார். மூலையில் இருக்குதுங்க, மூலையில் இருக்குதுங்க என்று எனக்கு நாக்கு துடித்தது. நீ என் கையைக் கிள்ளிக்கொண்டே நின்றாய். கடைசியில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "எனக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்க. நான் படிக்காதவன்" என்றார்.

நீ அவரைப் போகவிடவில்லை. "நீங்க தப்பே பண்ணலீங்க. தப்புப் பண்ணுனது இவ" என்று எல்லார் முன்னாலும் என்னைக் கைகாட்டினாய். எனக்கு முகம் எரிந்தது. பஸ் ஏறி வந்துவிட்டேன். உன் போனை எடுக்கவில்லை. நீ விடுகிறவளா? 'ஒருத்தரு தெரியலைன்னு எந்திரிச்சுப் போனா அது நாம பண்ணுன தப்பு' என்று ஒரே ஒரு வரியை மெசேஜில் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிட்டாய். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாவற்றையும் கலைத்தேன். வெறும் வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு பெட்டி, அதற்கு மேல் 'என்ன வேணும்?' என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான் வைத்துக் கொண்டுவந்தேன்.

பிறகு நீ ஒன்றைச் சேர்த்தாய். அதை நான் வேறு எந்த ஊர் நூலகத்திலும் பார்த்ததில்லை. புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், பிரிவு எல்லாவற்றுக்கும் கீழே இன்னொரு கட்டம், புதிதாக ஒரு 'காலம்'. அதற்கு 'கேக்கற பேரு' என்று தலைப்பு வைக்கச் சொன்னாய். ஜனங்கள் அந்தப் புத்தகத்தை என்ன சொல்லிக் கேட்கிறார்களோ அதெல்லாம் அந்தக் காலத்தில் ஏறும். மோட்டார் வாகனச் சட்டப் புத்தகத்துக்கு 'போலீஸ் புடிச்சா' என்று ஏற்றினாய். கால்நடை மருத்துவப் புத்தகத்துக்கு 'ஆட்டுக்குக் கழிச்சல்'. வங்கிக் கடன் பற்றிய புத்தகத்துக்கு 'தறி லோனு'. அட்டையில் இருக்கும் பேர் எழுதினவருக்குச் சொந்தம், கேட்கிற பேர் படிக்கிறவருக்குச் சொந்தம் என்பாய். ஒவ்வொரு சாயங்காலமும் அன்றைக்குக் காதில் விழுந்ததை ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாய்.

கம்ப்யூட்டரையும் மூலைக்குத் தள்ளி, உட்கார்ந்திருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் திரை தெரியாதபடி திருப்பிப் போட்டாய். எதற்கு என்று கேட்டேன்.

"வாயுட்டுக் கேக்க முடியாததைத்தான் புள்ள அந்தப் பொட்டியில கேப்பாங்க. பின்னால ஒருத்தன் எட்டிப் பாத்தான்னா கேப்பாளா?"

வாரப்பத்திரிகையைப் புரட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் போய்க்கொண்டிருந்த ஒருத்தியைப் பற்றிப் போனில் சொன்னாய், நினைவிருக்கிறதா? ஒருநாள் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'கர்ப்பப்பை எடுக்கோணுமா' என்று அடித்திருக்கிறாள். அதே சொல்லை நீ முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்ததால் புத்தகம் வந்துவிட்டது. அட்டை கீழே இருக்கும்படி கவிழ்த்துக் கொண்டுவந்து உன் மேசையில் வைத்தாளாம். நீ அதைத் திருப்பாமலேயே பதிந்து கொடுத்தாயாம். அதைச் சொல்லும்போது உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அப்புறம் அந்த ஐப்பசி மழை. சாதாரணக் காய்ச்சல் என்றாய். மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாய். நான் பார்க்க வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கும் எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.

நீ போய்ச் சில மாதங்களில் அறக்கட்டளைக்கு டிஜிட்டல் ஆசை வந்தது. ஏதோ வெளியூர்க் கம்பெனியிடம் ரெடிமேடாக ஒன்றை வாங்கினார்கள். ரிப்பன் வெட்டினார்கள், சால்வை போட்டுக்கொண்டார்கள். போட்டோவுக்கு அழகாக இருக்கவேண்டும் என்று உன் கம்ப்யூட்டர் இருந்த மூலையைக் காலி செய்து, புதிதாக ஒன்றை ஹாலின் நடுவில் வாசலைப் பார்த்து வைத்தார்கள். அதைத் திறந்தால் முதலில் வருவது லாகின். உறுப்பினராகச் சேரும்போது கொடுத்த செல் நம்பரைப் போட வேண்டும், அதற்கு ஓ.டி.பி. வரும், அதைப் போட்டால்தான் தேடவே முடியும். புத்தகத்தை எடுத்துப்போக இல்லை. இருக்கிறதா என்று பார்ப்பதற்கு! கடைக்குள் நுழைந்து அரிசி என்ன விலை என்று கேட்பதற்கு ஆதார் அட்டை கேட்கிற கதை இது.

'கேக்கற பேரு' காலம் எங்கே என்று அந்தக் கம்பெனிப் பையனிடம் போனில் கேட்டேன். "ஸ்டாண்டர்டுல அப்படி ஒரு காலம் இல்லைங்க மேடம், அதனால விட்டுட்டோம்" என்றான். நீ வருஷக்கணக்கில் காது கொடுத்துச் சேர்த்த சொல் அத்தனையையும் விட்டுட்டோம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். அவனைச் சொல்லி என்ன? வாங்கினவர்களுக்கே அது என்னவென்று தெரியாது.

பங்குனியில் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். அறக்கட்டளை வெப்சைட்டில் ஒரு பக்கம் போட்டுத் தர வேண்டுமாம். ஹால் வாடகைக்கு.

"எந்த ஹாலுங்க?" என்றேன்.

"நூலக ஹால்தானுங்க மேடம். ஆரும் வாரதில்லீங்க. நான் சொல்லலை, ரிப்போர்ட்டே சொல்லுது. செல்போன் ஷோரூம்காரங்க கேட்டுட்டு இருக்கறாங்க. புஸ்தகத்தையெல்லாம் ஏதாச்சும் பள்ளிக்கோடத்துக்குக் குடுத்தர்லாமுன்னு கமிட்டியில பேசியிருக்குது."

ரிப்போர்ட்டை அனுப்பச் சொன்னேன். லாகின் செய்து உள்ளே போனவர்களை மட்டும் எண்ணி, வாசகர் என்று போட்டிருந்தது. அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட யாருமே இல்லை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி. முதல் பக்கத்துக்கு வந்து, உள்ளே போகாமல் திரும்பியவர்கள். அங்கே கூட்டம் அலைமோதியது. நீ இருந்தபோது வந்த அதே கூட்டம்தான். வாசலைப் பூட்டி வைத்துக்கொண்டு, உள்ளே ஒருத்தரும் இல்லை, வீட்டை இடித்துவிடலாம் என்கிறார்கள். வேலையைப் போட்டது போட்டபடி சங்ககிரிக்குப் பஸ் ஏறினேன்.

ஹாலின் நடுவில் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தைத்துக் கொடுப்பவள் போல, கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. போனைக் காதில் வைத்திருந்தாள்.

"ஏனுங்க, நம்பரு வந்துதுங்களா? மெசேஜைப் பாருங்க... வண்டி ஓட்டறீங்களா? அய்யோ, வேண்டாமுங்க, வையுங்க, வையுங்க."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நம்ம பக்கத்துப் பெண்கள் ரேஷன் கார்டுக்கும், கேஸுக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் எழுதிக் கொடுப்பது வீட்டுக்காரர் நம்பரைத்தான். நூலகத்தில் உறுப்பினராகச் சேரும்போதும் அதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். இவள் வீட்டுக்காரர் லாரி டிரைவர். அவர் நாக்பூர் ரோட்டிலோ எங்கோ லோடோடு போய்க்கொண்டிருக்கிறார். இவள் சங்ககிரியில் நம்பரைத் தட்டினால் ஓ.டி.பி. அங்கே அவர் சட்டைப் பையில் கத்துகிறது. அவர் ஓரமாக நிறுத்தி, பார்த்து, கூப்பிட்டுச் சொல்வதற்குள் அது செத்துப்போகிறது.

என்ன புத்தகம் வேண்டும், நான் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "'எதுக்குப் புள்ள ஓ.டி.பி. கேக்குது'ன்னு அவரு கேக்கறாருங்க. என்னன்னு சொல்றது?" என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, "நமக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இவர்கள் பிடுங்கியது என்ன தெரியுமா உனக்கு? வாய்விட்டுக் கேட்க முடியாததைக் கேட்பதற்காக நீ மூலையில் ஓர் இடம் வைத்தாய். அதை நடு ஹாலுக்கு இழுத்து வந்து, வீட்டுக்காரரிடம் உத்தரவு வாங்கிவிட்டுக் கேள் என்று சொல்லிவிட்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. யோசிக்காமல் செய்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. நான் முறையாகத்தான் பேசினேன், நம்பு. லாரி டிரைவர் வீட்டுப் பெண்கள் எல்லாரும் இந்த லாகினைத் தாண்ட முடியாமல் திரும்புகிறார்கள், ஆள் வராததற்கு அதுதான் காரணம், ஹாலைக் கொடுத்துவிடாதீர்கள் என்றேன். செயலாளர் தலையாட்டிக் கேட்டார். "அவங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வெச்சர்லாமுங்க மேடம். டீ, பிஸ்கட்டுக்கு நாங்க ஏற்பாடு பண்ணிக்கறோம்" என்றார். மற்றவர்கள் நல்ல யோசனை என்றார்கள். வாடகை விஷயத்துக்குப் போகலாமா என்றார் பொருளாளர்.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. உன்னை நினைத்துக்கொண்டேன். நீ பேசவே மாட்டாய், ஒரு சேரை இழுத்துப் போடுவாய்.

"சரிங்க" என்றேன். "தலைவர் ஐயா ஒரு புத்தகத்தைத் தேடிக் காட்டட்டும். காட்டிட்டார்னா வாடகைப் பக்கத்தை இன்னைக்கே போட்டுத் தர்றேன். யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது."

தலைவர் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். "இதென்னங்க பெரிய விசயம்" என்றார். நம்பரைப் போட்டார். நான் பின்னால் போய் நின்று வாயை மூடிக்கொண்டேன்.

காத்திருந்தார். சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தார். இன்னொரு போனை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் நம்பரைப் போட்டார். ஒன்றும் வரவில்லை. செயலாளருக்குத்தான் முதலில் உறைத்தது. எல்லாப் பெரிய மனிதர்களையும் போலத் தலைவரும் எங்கே கேட்டாலும் தன் மேனேஜர் நம்பரைத்தான் எழுதுவார். உறுப்பினர் நம்பரும் அதுதான், பழக்கத்தில் இப்போது தட்டியதும் அதைத்தான். மேனேஜர் ஆத்தூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். பின்னால் மேளம் காதைப் பிளந்தது.

"ஏப்பா, உனக்கு ஏதாச்சும் நம்பரு வந்துதா?"

"ஆமாங்க ஐயா! ரெண்டு வாட்டி வந்துதுங்க. ஏமாத்துக்காரப் பசங்கன்னு அழிச்சுப்போட்டனுங்க!"

மறுபடி அனுப்பினார்கள். மேனேஜர் மேளத்துக்கு நடுவில் நம்பரைக் கத்தினார். தலைவர் ஒரு விரலால் குத்திக் குத்திப் போட்டு முடிப்பதற்குள் நேரம் முடிந்தது. பலமுறை தவறு, நாளை முயற்சிக்கவும் என்று திரையில் வந்து நின்றுவிட்டது. தலைவர் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"எனக்கே இந்தக் கதியா? எந்த மடையன் இதை வெச்சது? எடுத்துப் போடுங்கய்யா அந்தக் கருமத்தை!"

எனக்கே! அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருக்கிறது. ஊர்ப் பெண்கள் இத்தனை மாதமாக முட்டித் திரும்பியபோது அவர்களுக்குத் தெரியவில்லை, வகுப்பு எடுக்கலாம் என்றார்கள். தலைவர் ஒரு தடவை முட்டியதும் வைத்தவன் மடையன். என்னால் அடக்க முடியவில்லை. "ஐயாவுக்கும் ஒரு பயிற்சி வகுப்பு வெச்சிரலாமுங்களா? டீ, பிஸ்கட் என் செலவு" என்று கேட்டுவிட்டேன். பொருளாளர் மட்டும் துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். தலைவர் என்னை முறைத்தார், ஆனால் உத்தரவைத் திரும்ப வாங்கவில்லை.

அன்றைக்கே என் கடைக்கு வந்து பழைய தேடும் பக்கத்தின் நகலைத் தேடி எடுத்தேன். நீ ஏற்றிய சொற்கள் ஒன்றும் போகாமல் இருந்தன. வெள்ளைப் பக்கமும் ஒற்றைப் பெட்டியும் திரும்பி வந்தன. கம்ப்யூட்டரை மூலைக்கு நானே தள்ளிப் போட்டேன். இப்போது போனிலும் தேடலாம், யாருடைய போனாக இருந்தாலும் சரி, நம்பர் கேட்காது. கூட்டம் வரத் தொடங்கியதும் செல்போன் ஷோரூம் பேச்சைக் காணோம். வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் மட்டும் நிற்கிறது. நூலகத்தை எளிமையாக்கிய தலைவருக்கு நன்றி என்று, அவர் கைகூப்பிக்கொண்டிருக்கிறார். உன் பேர் எங்குமே இல்லை. கேட்டேன், சண்டை போட்டேன், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்கிறார்கள். நான் விடப்போவதில்லை.

தேடுகிறவர்கள் அடிக்கும் சொற்கள் ஒவ்வொரு காலையிலும் எனக்கு வருகின்றன. ஆள் பேர் இருக்காது, நம்பர் இருக்காது, வெறும் சொல் மட்டும். எந்தச் சொல்லுக்குப் புத்தகம் கிடைக்கவில்லையோ அதை எடுத்து, பொருத்தமான புத்தகத்தின் 'கேக்கற பேரு' காலத்தில் ஏற்றுகிறேன். உன் வேலை இப்போது என் வேலை. புருசன் குடிக்கறாரு. பத்தாவது பரீட்சை பெரியவங்க. தூக்கம் வல்லே. கடையைத் திறந்ததும் முதலில் இவற்றைத்தான் படிக்கிறேன்.

போன வாரம் ஒரு காலையில் 'முன்ன இருந்த அக்கா' என்று ஒன்று வந்திருந்தது. அதற்கு நம்ம பெட்டி என்ன பதில் சொல்லியிருக்கும் என்று உனக்குத் தெரியும், எழுதினவள் நீ. 'அப்புடி ஒண்ணும் கெடைக்கலீங்க. வேற சொல்லுல கேட்டுப் பாருங்க.' அந்த ஆள் கேட்டுப் பார்த்திருக்கிறார். அடுத்து 'புஸ்தகம் குடுக்கற அக்கா' என்று இருந்தது. அதற்கும் அதே பதில் போயிருக்கிறது. அதற்கடுத்து 'அக்கா எப்ப வருவாங்க'. அத்தோடு நின்றுவிட்டது.

அன்று காலை எந்த வேலையும் ஓடவில்லை. போனை எடுக்கவில்லை, டீ ஆறிப்போனது. பிறகு அந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் நேராக, புத்தகப் பேர் வரவேண்டிய இடத்தில், ஒரு பதிலை நானே அடித்து ஏற்றினேன். நீ போனதை நான் எழுத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை. எவ்வளவோ வளைத்து எழுதிப் பார்த்தேன். தேடி வந்தவளைச் சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது.

'அக்கா இறந்துட்டாங்க. நீங்க அவங்ககிட்டக் கேக்க வந்தது என்னன்னு இங்கயே கேளுங்க, கேக்கறது ஆருன்னு ஆருக்கும் தெரியாதுங்க.'